கூலி இல்லாத கூலி

கேரவன் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. எனக்கும் அதுதான். போன மே மாதம் வரைக்கும்.

எல்லாம் சியாட்டிலில் இருக்கும் மச்சான் பண்ணிய வேலை. அவர்கள் குடும்பத்தோடு ஆர்.வி. எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் போய், அதை நிமிடத்துக்கு ஒரு போட்டோ வீதம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட, இங்கே குர்காவ்ம் வீட்டில் ஒரே ரகளை. "நாம மட்டும் ஏன்ப்பா எப்பவும் வால்வோ பஸ், ஹோட்டல், பூரி மசால்?" என்று பெரியவள் கேட்க, சின்னவன் ஒத்து ஊத, தங்கமணி ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் கல்யாணமானவர்கள். ஆபீசில் ஆணி அதிகம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நடக்கவில்லை.

தில்லிப் பக்கம் இப்போது கேம்பர்வேன் வாடகைக்குக் கிடைக்கிறது. டெம்போ டிராவலரைப் பிரித்துப்போட்டு, உள்ளே பங்க் படுக்கை, ஒரு சின்ன சிங்க், கேஸ் அடுப்பு, கெமிக்கல் டாய்லெட், கூரையில் சோலார் தகடு என்று ஒரு வீட்டையே அடைத்துவைத்திருக்கிறார்கள். நாங்கள் நாலு பேர், மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, ஆக மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் படுக்கை உண்டு. அட்வான்ஸ் கட்டிவிட்டு உற்சாகமாக வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது சின்னவன் கேட்டான்:

"டிரைவர் அங்கிள் எங்கப்பா தூங்குவாங்க?"

கம்பெனிக்காரரைப் பார்த்தேன். "அவர் சீட்டை சாய்ச்சுப்பார் சார், பழக்கம்தான்" என்றார். பழக்கம்தான். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

போன இடம் குமாவும். தில்லியிலிருந்து மொராதாபாத், ராம்பூர், ஹல்த்வானி வழியாக காத்கோதாம். அங்கே ரயில் தண்டவாளமும் முடிகிறது, சமவெளியும் முடிகிறது. 1884ல் அந்தத் தண்டவாளம் வந்து நின்றது, அதற்கு மேல் இன்றுவரை ஏறவில்லை. அங்கிருந்து பீம்தால், பவாலி, அல்மோரா, சோமேஷ்வர் என்று வளைந்து வளைந்து ஏறினால் கௌசானி. கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரம். வானம் சுத்தமாக இருந்தால் திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி எல்லாம் கண்ணெதிரே வரிசையாக நிற்கும். வானம் சுத்தமாக இருந்தால், என்பதைக் கவனிக்கவும். மே மாதத்தில் பாதி நாள் காட்டுத்தீப் புகைதான்.

கௌசானிக்குக் கொஞ்சம் முன்னால், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு டீக்கடைக்காரரின் நிலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டோம். இரவுக்கு ஐநூறு ரூபாய். அடுப்பைப் பற்றவைத்து அம்மா ரவா உப்புமா கிளறினார். இமயமலையில் உப்புமா என்பது ஒரு தனி அனுபவம். ஓடுவதற்கு எங்கேயும் இடம் கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவள் கேட்டாள். "அந்தக் காலத்துல ஆர்.வி. இருந்துச்சாப்பா?"

இதுதான் எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். ஆரம்பித்தேன்.

*

இருந்தது. ஆனால் சக்கரத்தில் இல்லை.

வீட்டையே தூக்கிக்கொண்டு மலைக்குப் போவதில் முகலாயர்களை மிஞ்ச ஆளில்லை. அபுல் ஃபஸல் எழுதிய 'ஆயின்-இ-அக்பரி'யில் அக்பரின் முகாமுக்கே ஒரு பகுதி இருக்கிறது. ஒரு முகாமைத் தூக்கிச் செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைகாரர்கள். கூடாரம் அடிக்கவும் விரிப்பு போடவும் ஆயிரம் ஃபராஷ்கள். பாதை சீர் செய்ய 500 பேர், தண்ணீர் சுமக்க 100 பேர், பெருக்கிக் கூட்ட 150 பேர். இருட்டில் வழிதவறியவர்கள் முகாமைக் கண்டுபிடிக்க, உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு ஆகாச விளக்கு. நம்முடைய கூகுள் மேப் மாதிரி, ஆனால் சிக்னல் போகாது.

அக்பர் படை காஷ்மீரைப் பிடித்தது 1586ல். மூன்று வருஷம் கழித்து அவரே அங்கே போனார். மகன் ஜஹாங்கீருக்கு காஷ்மீர் பைத்தியம். திரும்பத் திரும்பப் போனார். 1627ல் அங்கிருந்து திரும்பும் வழியில்தான் இறந்தும் போனார். பேரன் மகன் ஔரங்கசீப் 1660களில், ஒரு பெரிய நோயிலிருந்து எழுந்தபின், குடும்பத்தோடு காஷ்மீருக்குக் கிளம்பினார். கூடப் போன பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் அந்தப் பயணத்தைக் கடிதம் கடிதமாக எழுதி வைத்துவிட்டார்.

பெர்னியர் சொல்லும் ஏற்பாடு பிரமாதம். அரச கூடாரங்கள் இரண்டு செட். பாதுஷா ஒரு செட்டில் தூங்கும்போதே இன்னொரு செட் முன்னால் போய் அடுத்த தங்குமிடத்தில் தயாராக நிற்கும். அதற்குப் பேர் பேஷ்கானா, அதாவது முன்செல்லும் வீடு. வெளிப்பக்கம் சிவப்புத் துணி, உள்பக்கம் பூப்போட்ட சீட்டித் துணி. அந்தச் சீட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பக்கத்து மசூலிப்பட்டினத்திலிருந்து. கோரமண்டல் கரையில் கையால் வரைந்த பூக்கள் பனிமலை வரைக்கும் போயிருக்கின்றன.

"சூப்பர்ல?" என்றான் சின்னவன்.

சூப்பர்தான். ஆனால் பீர் பஞ்சால் மலையில் ஏறும்போது நடந்ததையும் பெர்னியர் எழுதியிருக்கிறார். அந்தப்புரப் பெண்களைச் சுமந்த யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கிய செங்குத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தன. முதல் யானை ஏற்றத்தைப் பார்த்து மிரண்டு ஒரு அடி பின்வைக்க, அது இரண்டாவதை இடிக்க, அது மூன்றாவதை இடிக்க, பதினைந்து யானைகள் சரிவில் உருண்டன. பெண்களில் மூன்று நான்கு பேர்தான் இறந்தார்கள், ஆனால் யானை ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு நாள் கழித்து பெர்னியர் அந்த வழியாகப் போனபோதும் கீழே சில யானைகள் துதிக்கையை அசைத்துக்கொண்டிருந்தனவாம்.

வண்டிக்குள் கொஞ்ச நேரம் பேச்சில்லை. யானைக்காக வருத்தப்பட்டோம். மலைப்பாதையில் யானையும் ஒட்டகமும் ஏற முடியாத இடங்களில் அதே சுமையை மனிதர்கள்தான் தூக்கினார்கள் என்பதும், காஷ்மீருக்கு ஆயிரக்கணக்கில் சுமைகாரர்கள் திரட்டப்பட்டார்கள் என்பதும் அதே கடிதங்களில் இருக்கிறது. அதை நானும் வேகமாகத் தாண்டிவிட்டேன். யானைக்கு இருக்கும் மவுசு சுமைகாரனுக்கு இல்லை.

*

வெள்ளைக்காரன் வந்தும் கூடாரம் போகவில்லை. இன்னும் பெரிதானது.

1837 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபு கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குக் கிளம்பினார். கூடவே அவருடைய தங்கைகள் எமிலி, ஃபேனி. காசி வரைக்கும் ஆற்று வழி, அப்புறம் கூடாரம். எமிலி ஈடன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1866ல் புத்தகமாக வந்தன. அவர் கணக்குப்படி 850 ஒட்டகம், 140 யானை, சில நூறு குதிரைகள், பாதுகாப்புப் படை, பரிவாரம் எல்லாம் சேர்த்து சுமார் 12,000 பேர். ஒரு சின்ன ஊரே நடந்து போகிறது. சிம்லா போய்ச் சேரும்போது 1838 ஏப்ரல்.

அந்த ஊர்வலம் போன நேரம்தான் முக்கியம். 1837-38ல் வடக்கே பெரும் பஞ்சம். கான்பூர் சுற்று வட்டாரத்தில் ஜனங்கள் எலும்பும் தோலுமாக முகாமைத் தேடி வந்ததையும், குழந்தைகள் கண்ணெதிரே செத்ததையும் எமிலியே எழுதியிருக்கிறார். முகாமில் கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு ஊர்வலம் மேலே நகர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் எட்டு லட்சம் பேர் என்பது கணக்கு. சிம்லாவின் குளுமையில் உட்கார்ந்து, அதே 1838 அக்டோபர் 1ஆம் தேதி ஆக்லண்ட் வெளியிட்ட அறிக்கையோடுதான் முதல் ஆப்கன் போர் தொடங்கியது. மலைக்காற்று எல்லோருக்கும் நல்ல புத்தியைக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

"போதும்டா, பிள்ளைங்க தூங்கட்டும்" என்று அம்மா சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு இரவு நன்றாகத்தான் போனது. டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டார். பழக்கம்தான்.

*

காலையில் எழுந்தால் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கில் எங்கேயோ ஒழுகி, ராத்திரியோடு ராத்திரியாக முழுவதும் தரைக்குப் போயிருந்தது. கம்பெனிக்கு போன் போட்டால் "சார், பக்கத்துல ஏதாவது மெக்கானிக்" என்கிறார்கள். பைன் மரத்தில் மெக்கானிக் காய்க்குமா?

டிரைவர் அடியில் படுத்து ஒழுகலைக் கண்டுபிடித்து எம்-சீல் வைத்து அடைத்தார். தண்ணீருக்கு டீக்கடைக்காரர் ஒருவரை அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். கீழே பள்ளத்தில் நௌலா இருக்கிறது. நௌலா என்றால் மலை ஊற்றைச் சுற்றிக் கல்லால் கட்டிய சின்னக் கிணறு மாதிரி. அங்கிருந்து இருபது லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி, கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஆறு கேன், ஆறு நடை.

கேனுக்கு நூறு ரூபாய் கேட்டார். நான் அறுபது என்றேன். குர்காவ்மில் இருபது லிட்டர் கேன் வீட்டு வாசலுக்கே என்ன விலைக்கு வருகிறது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பொருளாதாரம் வேறு பேசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டினார். ஆறு நடை முடிந்ததும் 360 ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வெறுங்கையோட ஒரு தடவை எறங்கி ஏறிட்டு வாடா பாப்போம்" என்றார். நான் காதில் வாங்காதது போல இருந்தேன். பேரம் பேசி ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

*

அன்றைக்கு பாகேஷ்வர் போனோம். கௌசானியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். வழியில் பைஜ்நாத் கோயில்கள். பாகேஷ்வரில் சரயுவும் கோமதியும் கூடுகின்றன. கூடுமிடத்தில் பாக்நாத் கோயில். அம்மா காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அயோத்தி சரயு வேறு எங்கோ ஓடுகிறது, பேர் மட்டும் ஒன்று என்று நினைத்திருந்தவருக்கு, இந்தத் தண்ணீரும் கடைசியில் கீழே போய் அதில்தான் சேருகிறது என்றதும் ஒரே சந்தோஷம்.

நான் அங்கே போக விரும்பியது வேறு காரணத்துக்காக. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயமே இதுதான்.

குமாவும் 1815ல் கூர்க்காக்களிடமிருந்து கும்பெனி கைக்குப் போனது. 1841ல் பாரன் என்கிற ஷாஜஹான்பூர் சர்க்கரை வியாபாரி நைனிதால் ஏரியைப் பார்த்து மயங்கினார். அடுத்த வருஷம் ஒரு படகை மலைமேல் கொண்டுவந்து ஏரியில் விட்டார். நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடிய நர்சிங் என்கிற மலைக்காரரைப் படகில் ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டுபோய், எழுதிக்கொடுக்காவிட்டால் தள்ளிவிடுவேன் என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கினார். இதை ஒரு வேடிக்கைக் கதையாக அவரே எழுதியும் வைத்தார். நைனிதாலில் போட்டிங் போனவர்கள் அடுத்த தடவை நடு ஏரியில் இதை நினைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. சாலை இல்லாத அந்தக் காலத்தில் அந்தப் படகை மேலே தூக்கிவந்தது யார்?

அதற்கு விடை, குமாவும் கிராமங்களில் இருந்த ஒரு பதிவேடு.

துரை முகாம் வருகிறார் என்றால், அவர் கூடாரம், மேஜை, நாற்காலி, குளிக்கும் தொட்டி, பீங்கான், துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்துக்குச் சுமந்துபோக கிராமத்தார் ஆள் தரவேண்டும். எந்த வீட்டு முறை என்று ஊர்த்தலைவர் பதிவேட்டில் குறித்திருப்பார். நில உரிமை ஒப்பந்தத்திலேயே அந்தக் கடமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலம் இருந்தால் சுமை இருந்தது. நாற்று நடுகிற நாளா, அறுவடையா, வீட்டில் சாவா என்றெல்லாம் கேள்வி கிடையாது. மலத்தொட்டியைக்கூடத் தூக்கவேண்டும்.

இதில் மூன்று வகை. ஒரு காசு இல்லாமல் சுமப்பது 'குலி பேகார்'. ஏதோ கொஞ்சம் பேருக்குக் கொடுப்பது 'குலி உதார்'. வருகிறவர்களுக்குப் பால், நெய், தானியம், விறகு, புல் எல்லாம் இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கொடுப்பது 'குலி பர்தாயிஷ்'. அதிகாரிகளுக்கு மட்டும் இல்லை. வேட்டைக்கு வருகிறவர், பிண்டாரி பனியாறு பார்க்க வருகிறவர், விடுமுறைக்கு வருகிறவர் என்று வெள்ளைத்தோல் சுற்றுலாக்காரருக்கும் இதே கதை. பாகேஷ்வரைத் தாண்டி பிண்டாரி போகிற வழியில் லோஹார்கேத், தாக்குரி, காத்தி, த்வாலி, ஃபுர்கியா என்று வரிசையாக பங்களாக்கள் இருந்தன. அந்த அழகான பாதையில் எல்லா மூட்டையும் ஒரு முதுகில்தான் போயிற்று.

'குலி' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா திரும்பினார்.

"நம்ம கூலியாடா?"

ஆமாம் என்று பலர் சொல்கிறார்கள். குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் வேலைக்குக் கொடுக்கும் ஊதியம் என்கிற நம் 'கூலி', அதை வாங்குகிற ஆளுக்குப் பெயராகி, கப்பலேறி இலங்கை, மலேயா, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ நம் ஜனங்களோடு போய் ஒரு வசைச்சொல்லாகவே மாறியது நமக்குத் தெரியும்.

அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார். "கூலின்னா காசுதானே? காசு குடுக்காத வேலைக்கு எப்படிடா கூலின்னு பேரு வந்துச்சு? அதுக்கு நம்ம ஊர்ல வெட்டின்னு சொல்லுவாங்க."

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. ஆமாம், வெட்டி! சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' திரும்பத் திரும்ப வருகிறது. ஊதியம் இல்லாமல் செய்துதரவேண்டிய கட்டாய உழைப்பு. 'விஷ்டி' என்கிற வடசொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். 'அமஞ்சி' என்று இன்னொரு சொல்லும் உண்டு. இன்றைக்கு வேலையில்லாமல் சுற்றுகிறவனை 'வெட்டிப்பய' என்கிறோம், பிரயோசனம் இல்லாத வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். ஒரு காலத்தில் முதுகு ஒடியச் செய்த வேலை அது. பலன் செய்தவனுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை, மலைநாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. குமாவுமிலும் சந்த் ராஜாக்கள், கூர்க்காக்கள் காலத்திலேயே இருந்ததைத்தான் வெள்ளைக்காரன் பதிவேடு போட்டுப் பக்காவாக்கினான். பழக்கம்தான்.

*

அந்தப் பழக்கம் முடிந்த இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அல்மோராவிலிருந்து 1918ல் 'சக்தி' என்ற ஹிந்தி வாரப் பத்திரிகை வர ஆரம்பித்தது. ஆசிரியர் பத்ரி தத் பாண்டே. அதற்கு இரண்டு வருஷம் முன்பே குமாவும் பரிஷத் தொடங்கியாகிவிட்டது. மனு, கூட்டம், தீர்மானம் என்று நடந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் குமாவும், கார்வால் மலைகளிலிருந்து ஏராளமான பேர் பட்டாளத்தில் போய் பிரான்ஸ் வரைக்கும் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். இன்னொரு பக்கம், காடுகளை அரசு எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு போட்டதால் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

1921 ஜனவரி. உத்தராயணித் திருவிழா. சூரியன் வடக்கே திரும்பும் நாள். நமக்குத் தைப்பொங்கல், அவர்களுக்கு பாகேஷ்வர் சங்கமத்தில் பெரிய சந்தை. போட்டியா மக்கள் திபெத்து எல்லையிலிருந்து கம்பளி கொண்டுவருவார்கள், கீழேயிருந்து வெல்லமும் துணியும் வரும். அந்த வருஷம் பத்தாயிரத்துக்கும் மேல் கூட்டம். பாண்டேயோடு ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் என்று தலைவர்கள் வந்திருந்தார்கள். டெபுடி கமிஷனரும் போலீசோடு அங்கே முகாமிட்டிருந்தார். தலைவர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவும் வந்தது. பாண்டே கூட்டத்தின் முன்னாலேயே முடியாது என்றார்.

இனிமேல் குலி வேலை செய்யமாட்டோம் என்று சரயுத் தண்ணீரைக் கையில் எடுத்து ஜனங்கள் சத்தியம் செய்தார்கள். ஊர்த்தலைவர்கள் கூடவே கொண்டுவந்திருந்த பதிவேடுகளை ஆற்றில் எறிந்தார்கள். யார் வீட்டு முறை, எந்த நாள், எத்தனை ஆள் என்று எழுதி வைத்த காகிதம் எல்லாம் ஜனவரிக் குளிரில் சரயுவோடு போயிற்று. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒருத்தர் சாகவில்லை. அதற்கப்புறம் சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த வருஷத்தோடு அந்த முறை ஒழிந்தது. அரசாங்கம் காசு கொடுத்து ஆள் பிடிக்க ஆரம்பித்தது.

1929 ஜூனில் காந்தி கௌசானியில் தங்கியபோது பாகேஷ்வருக்கும் வந்தார். இதை ரத்தமில்லாத புரட்சி என்று பாராட்டினார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்களால் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டவர், குலிகள் பதிவேட்டைக் கிழித்துப்போட்ட இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். அந்தச் சொல்லைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசனையை பெரியவள் கலைத்தாள். "அப்பா, நேத்து தண்ணி கொண்டு வந்தாரே ஒரு தாத்தா, அவங்க தாத்தாவும் இங்க வந்திருப்பாங்களா?"

வந்திருக்கலாம். கௌசானியிலிருந்து ஒரு நாள் நடைதான்.

"அவங்களுக்கு நீ ஏன்ப்பா கம்மியா குடுத்தே?"

தங்கமணி இந்தத் தடவையும் ஒன்றும் சொல்லவில்லை. அதே பார்வை.

*

நான் என் பக்க நியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொண்டுதானே தூக்கினார்? யாரும் பதிவேட்டில் பெயர் எழுதிக் கட்டாயப்படுத்தவில்லையே? அறுபது ரூபாய் பேசி அறுபது கொடுத்தேனே? எல்லாம் சரிதான். 1921க்கும் இன்றைக்கும் அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். அதைக் குறைத்துச் சொல்வது அன்றைக்கு ஆற்றில் நின்றவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் ஒன்று. நாம் எல்லோரும் ஊரைவிட்டு வந்தவர்கள். கூலிக்காகத்தான் வந்தோம். கூலியை சேலரி, பேக்கேஜ், சிடிசி என்று வேறு பேர் வைத்துச் சொல்கிறோம். அப்ரைசல் சமயத்தில் மேனேஜர் இரண்டு பர்சென்ட் குறைத்தால் ஆறு மாசம் புலம்புகிறோம், நான் இல்லையென்றால் அந்த ப்ராஜெக்ட்டே ஓடாது என்கிறோம். அதே ஆள் மலையில் நெற்றிக்கயிறு போட்டு இருபது கிலோவை ஆறு தடவை சுமக்கிறவரிடம் நாற்பது ரூபாய் குறைத்ததை சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். பேகாரை ஒழிக்க ஆற்றில் எறிய ஒரு பதிவேடு இருந்தது. இதற்கு எதை எறிவது?

திரும்பும் வழியில் அதே டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆறு நாற்பது இருநூற்று நாற்பது ரூபாயைக் கொடுத்து, அன்றைக்குக் குறைத்துவிட்டேன், தப்பு என்று சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரும், கையைப் பிடித்துக்கொள்வார் என்று சினிமாத்தனமாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் இந்தத் தடவை நோட்டுகளை எண்ணிப் பார்த்தார். பையில் வைத்துக்கொண்டார்.

"உஸீ தின் தே தேதே, ஸாப்" என்றார். அன்றைக்கே கொடுத்திருக்கலாமே சார்.

அவ்வளவுதான். கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று திரும்புவதற்குள் அவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

அன்றிரவு ஹல்த்வானியில் நிறுத்தியபோது டிரைவருக்கு ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தேன். "வேணாம் சார், எனக்கு பழக்கம்தான்" என்றார். எங்களுக்குத்தான் இனிமேல் பழக்கம் இல்லை என்று அம்மா தமிழில் சொன்னார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சாவியை வாங்கிக்கொண்டார்.

டிஸ்கி: கேம்பர்வேன் எடுத்துப் போகிறவர்களுக்கு மூன்று குறிப்புகள். கிளம்புமுன் தண்ணீர் டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எம்-சீல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எங்கே தூங்குவார் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.